பழைய பாட்டு, நரைத்த கைகள்: பிரிந்த ராக் குழுக்கள் மீண்டும் சேரலாமா?

2025 ஜூலை 4ஆம் தேதி பிரிட்டனின் கார்டிஃப் நகரில் ஒயாசிஸ் என்ற ராக் குழு மீண்டும் மேடையேறியதிலிருந்து, என்னோடு இசை பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: பிரிந்த குழு மீண்டும் சேரலாமா? பதினாறு ஆண்டுகள் ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்த நோயல், லியாம் காலகர் என்ற அண்ணனும் தம்பியும் கைகோத்து மேடைக்கு வந்ததைப் பார்த்துக் கண்கலங்கியவர்கள் ஒரு பக்கம். 1990களில் எழுதிய பாடல்களை ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் பாடிக் காசு பார்ப்பது என்ன கலை என்று கொதிப்பவர்கள் மறுபக்கம். நடுவில், அடுத்து எந்தக் குழு திரும்பினாலும் டிக்கெட் வாங்குவதா, பழைய ஒலித்தட்டோடு நிறுத்திக்கொள்வதா என்று தவிப்பவர்கள்.

இரண்டு கட்சியிலும் எனக்குப் பாதி சம்மதம்தான். திரும்பலாமா கூடாதா என்பதைவிட, எந்த வகையில் திரும்புகிறார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. நாற்பது நகரங்களுக்குப் போவதும் ஒரே ஒரு மாலை வாசிப்பதும் ஒரே செயல் அல்ல. ஒவ்வொரு வழியையும் தனியாக எடுத்துப் பார்க்கலாம். அதற்கு முன் எதைக்கொண்டு அளப்பது என்று சொல்லிவிடுகிறேன்.

## எதைக்கொண்டு அளப்பது

பிரிந்த காரணம். சாவினால் பிரிந்தார்களா, சண்டையினாலா, சலிப்பினாலா? சண்டை என்றால் அது தீர்ந்திருக்கிறதா, மூடி மட்டும் வைக்கப்பட்டிருக்கிறதா?

குரலும் கையும். இருபத்தைந்து வயதில் எட்டிய உச்சஸ்தாயி அறுபதில் வராது. சுருதியை இறக்கிப் பாடுவதில் எந்தக் குற்றமும் இல்லை. ஆனால் இறக்கிய பிறகும் பாட்டுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

யார் இல்லை. இதில் நான் முதலில் தேடுவது டிரம்ஸ்காரரை. நம் கச்சேரியில் மிருதங்கம் வாசிப்பவர் இன்று ஒருவர், நாளை வேறொருவர். யாரும் அதைக் குறையாக நினைப்பதில்லை. ராக் அப்படிப்பட்டதல்ல. நான்கு பேர் சேர்ந்து பல ஆண்டுகள் ஒரே அறையில் வாசித்து உண்டாக்கிய காலப்பிரமாணம் அது. டிரம்ஸ்காரர் மாறினால் பாட்டின் நடையே மாறிவிடும்.

காசு. யாருக்குப் போகிறது, எப்படிப் பங்கு பிரிகிறது, ரசிகரிடமிருந்து எவ்வளவு பிடுங்கப்படுகிறது.

பாட்டுக்குள் இடம். பழைய பாட்டைப் பாடுவதே இழிவு என்று பேசுபவர்களோடு எனக்கு இங்கேதான் பெரிய வேறுபாடு. எண்பது வயது வித்துவான் இருநூறு ஆண்டுப் பழைய கீர்த்தனையைப் பாடினால், பழம்பெருமையை விற்கிறார் என்று எந்தச் சபாவிலும் சொல்ல மாட்டார்கள். ஏனென்றால் அவர் அதில் நிரவல் செய்கிறார், ஸ்வரம் போடுகிறார். நேற்றுப் பாடியதை இன்று அப்படியே பாடுவதில்லை. சில ராக் குழுக்களின் பாடல்களில் அந்த இடம் உண்டு. சிலவற்றில் கிடையாது, ஒலித்தட்டில் இருப்பதை அட்சரம் பிசகாமல் திரும்ப வாசிக்க வேண்டியதுதான். இடம் உள்ள பாடல்கள் வயதைத் தாங்கும்.

பேசப்போகும் முக்கியமான பிரிட்டிஷ், அமெரிக்க ராக் குழுக்களின் விவரம் இது:

| குழு | பிரிவு | திரும்பியது | எந்த வகையில் | யார் இல்லை |
|---|---|---|---|---|
| லெட் செப்பலின் | 1980 | 1985, 2007 | ஒவ்வொரு முறையும் ஒரே மாலை | டிரம்மர் ஜான் பான்ஹம் (மறைவு) |
| ஈகிள்ஸ் | 1980 | 1994 | சுற்றுப்பயணம், பின் தொடர்ச்சியாக | 1980இல் இருந்த ஐவரும் வந்தனர் |
| தி போலீஸ் | 1986 | 2007–08 | உலகச் சுற்றுப்பயணம் | மூவரும் வந்தனர் |
| பிங்க் ஃபிளாய்ட் (நால்வர்) | 1981இல் கடைசிக் கச்சேரி | 2005 | நான்கு பாடல்கள் | 1968இல் விலகிய சிட் பாரெட் |
| ஆர்.இ.எம். | 2011 | 2024 | ஒரே பாடல் | நால்வரும் வந்தனர் |
| ஒயாசிஸ் | 2009 | 2025 | உலகச் சுற்றுப்பயணம் | 1990களின் டிரம்மர்கள் |
| பிளாக் சபாத் | 2017இல் விடைபெற்றது | 2025 | ஒரே மாலை | நால்வரும் வந்தனர் |

## வழி 1: உலகச் சுற்றுப்பயணம்

பணம் இங்கேதான் இருக்கிறது. தி போலீஸ் குழுவின் மூவரும் 2007 மே மாதம் வான்கூவரில் தொடங்கி 2008 ஆகஸ்டில் நியூயார்க்கில் முடித்த பயணம் 35 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. பாடகர் ஆக்ஸல் ரோஸும் கிட்டாரிஸ்ட் ஸ்லாஷும் மீண்டும் சேர்ந்த பிறகு கன்ஸ் அண்ட் ரோசஸ் 2016 முதல் 2019 வரை சுற்றியதில் 58 கோடி டாலர் தாண்டியது. ஒலித்தட்டு விற்பனை சுருங்கிப்போன காலத்தில் இந்த வருமானத்தை எந்தக் கலைஞரும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஒதுக்கவேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. இளமையில் கையெழுத்திட்ட மோசமான ஒப்பந்தங்களால் பாட்டின் பலனை வேறு யாரோ தின்றுபோன கதை ராக் உலகில் ஏராளம். முதுமையில் அவர்கள் அதைத் திரும்பப் பெறுவதில் எனக்கு மகிழ்ச்சியே.

இன்னொரு நன்மையும் உண்டு. குழு பிரிந்தபோது பிறந்தே இராதவர்கள் முதன்முறையாக நேரில் கேட்கிறார்கள். ஒயாசிஸ் கச்சேரிகளில் அப்பாவும் மகளும் தோளோடு தோள் நின்று பாடியதை யாரும் ஏற்பாடு செய்து வரவழைக்க முடியாது.

மறைந்திருக்கும் செலவுகள் பிறகுதான் வெளியே வரும். முதலாவது, பங்குச் சண்டை. ஈகிள்ஸ் பிரிந்தது 1980 ஜூலையில் லாங் பீச் மேடையில். இரண்டு பாடல்களுக்கு நடுவே கிட்டாரிஸ்டுகளான கிளென் ஃப்ரேயும் டான் ஃபெல்டரும் கச்சேரி முடிந்ததும் உன்னை என்ன செய்கிறேன் பார் என்று மிரட்டிக்கொண்டார்கள். நரகம் உறைந்தால்தான் மீண்டும் சேருவோம் என்று டிரம்மரும் பாடகருமான டான் ஹென்லி சொன்னார். 1994இல் சேர்ந்தார்கள், டிக்கெட் விலை 100 டாலரைத் தாண்டியது, கூட்டம் குறையவில்லை. ஆனால் இந்த முறை எல்லாருக்கும் சமபங்கு இல்லை. அந்தக் கசப்பு முற்றி 2001இல் ஃபெல்டர் வெளியேற்றப்பட்டார், வழக்குப் போட்டார், 2007இல்தான் நீதிமன்றத்துக்கு வெளியே தீர்ந்தது. பழைய சண்டையைத் தீர்க்காமல் மேடையேறினால் அதற்கு வட்டியும் சேர்ந்துகொள்ளும்.

அமெரிக்கக் குழுவான வெல்வெட் அண்டர்கிரவுண்டுக்கு நேர்ந்தது இன்னும் வருத்தமானது. 1993இல் ஐரோப்பாவில் வாசித்துவிட்டு அமெரிக்கா வருவதற்குள், குழுவைத் தொடங்கிய லூ ரீடுக்கும் ஜான் கேலுக்கும் மீண்டும் ஆகாமல் போயிற்று. சொந்த நாட்டு ரசிகர்கள் காத்திருந்தது வீண். கிட்டாரிஸ்ட் ஸ்டெர்லிங் மாரிசன் 1995இல் இறந்துவிட்டார். அதன்பின் நால்வரும் சேர வழியே இல்லை.

இரண்டாவது செலவு ரசிகர் தலையில் விழுவது. ஒயாசிஸ் டிக்கெட்டுகள் 2024 ஆகஸ்ட் இறுதியில் விற்பனைக்கு வந்தபோது, ஏறத்தாழ 150 பவுண்டு என்று எண்ணி இணைய வரிசையில் மணிக்கணக்கில் நின்றவர்கள், முறை வந்ததும் திரையில் 355 பவுண்டைக் கண்டார்கள். வாங்கு, இல்லையேல் இழ. யோசிக்கச் சில நிமிடங்கள். பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தை ஆணையம் இந்த விற்பனை முறையை விசாரிக்க நேர்ந்தது. தொழிலாளர் குடும்பத்துப் பையன்களின் பாட்டைக் கேட்கத் தொழிலாளர் குடும்பத்துப் பையனால் முடியவில்லை என்றால், மேடையில் எவ்வளவு நன்றாக வாசித்தாலும் அந்தத் திரும்பலில் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது.

மூன்றாவது, சலிப்பு. நாற்பது இரவுகள் ஒரே பாடல் வரிசை. முதல் இரவில் மெய்சிலிர்த்தவர்களே பதினைந்தாவது இரவில் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கலாம். தி போலீஸ் குழுவில் இதற்கு எதிரான குணம் ஒன்று இருந்தது, அதை நான் மதிக்கிறேன். வான்கூவரில் இரண்டாவது இரவு முடிந்ததும் டிரம்மர் ஸ்டூவர்ட் கோப்லாண்ட், யார் எங்கே தப்பாக வந்தார், எந்தப் பாட்டு எங்கே சரிந்தது என்று தன்னையும் சேர்த்துக் கிழித்து எழுதினார். தாளம் தவறியதை ஒப்புக்கொள்கிற குழு நாளை திருத்திக்கொள்ளும். ஆனால் புதிய பாட்டு ஒன்றுகூட உண்டாக்காமல் அந்தப் பயணமும் முடிந்தது.

எப்போது இது சரி: பாடகரின் குரல் தேறியிருந்து, பங்கு பற்றிய பேச்சு முதல் ஒத்திகைக்கு முன்பே முடிந்து, டிக்கெட் விலை அறிவித்தபடியே நின்றால். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அடுத்த வழியே மேல்.

## வழி 2: ஒரே ஒரு மாலை

என் மனம் இங்கேதான் நிற்கிறது. ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

லெட் செப்பலின் இப்படித் திரும்பியவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன். முதல் முறை 1985 ஜூலை 13, ஃபிலடெல்ஃபியா, பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த லைவ் எய்ட் கச்சேரி. பான்ஹம் இறந்து ஐந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அவர் இடத்தில் ஃபில் காலின்ஸ், டோனி தாம்சன் என்று இரண்டு டிரம்மர்கள். சரியான ஒத்திகை இல்லை, பாடகர் ராபர்ட் பிளாண்டின் தொண்டை கட்டியிருந்தது, ஜிம்மி பேஜின் கிட்டாரில் சுருதி சேரவில்லை. அந்த நிகழ்ச்சியின் டிவிடி 2004இல் வந்தபோது தங்கள் பகுதியைச் சேர்க்கவே அவர்கள் சம்மதிக்கவில்லை. நல்ல காரியத்துக்காக வாசித்தாலும் கெட்ட வாசிப்பு கெட்ட வாசிப்புதான்.

மற்றொரு முறை 2007 டிசம்பர் 10, லண்டன் ஓ2 அரங்கம். தங்களை முதலில் ஒப்பந்தம் செய்த அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் நிறுவனர் அகமத் எர்தெகுன் நினைவாக நடந்த கச்சேரி. வருமானம் அவர் பெயரிலான கல்வி நிதிக்கு. 20,000க்குள் அடங்கிய இருக்கைகளுக்கு இரண்டு கோடிப் பேர் விண்ணப்பித்தார்கள். இந்த முறை வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள். நவம்பர் இறுதியில் நடக்கவேண்டிய கச்சேரி, பேஜின் விரல் முறிந்ததால் இரண்டு வாரம் தள்ளிப்போனது. சில பாடல்களைச் சுருதி இறக்கியே வாசித்தார்கள். கேட்கும்போது அது இறக்கமாகத் தெரியவில்லை, இன்னும் கனமாகத்தான் இருந்தது. டிரம்ஸில் உட்கார்ந்தவர் ஜேசன் பான்ஹம், இறந்துபோனவரின் மகன். அப்பாவைப் போல வாசிக்க ஊரில் நூறு பேர் இருக்கலாம். ஆனால் அந்த இருக்கையில் அவர் உட்கார்ந்ததை யாரும் கேள்வி கேட்க முடியாது.

அதன்பின் சுற்றுப்பயணத்துக்கு எல்லாரும் கெஞ்சினார்கள். பிளாண்ட் மறுத்தார். அவர் அப்போது ஆலிசன் கிராஸ் என்ற பாடகியோடு அடங்கிய குரலில் வேறொரு இசைக்குள் போயிருந்தார். 2009இல் அந்த ஆல்பத்துக்குக் கிராமி விருதுகளில் ஆண்டின் சிறந்த ஆல்பம் என்ற பரிசும் கிடைத்தது. அன்று அவர்மீது எனக்குக் கோபம் இருந்தது. இன்று இல்லை.

பிங்க் ஃபிளாய்ட் 2005 ஜூலை 2இல் லண்டன் ஹைட் பார்க்கில் வாசித்தது நான்கே பாடல்கள். சண்டையில் பிரிந்த கிட்டாரிஸ்ட் டேவிட் கில்மரும் பாஸ் கிட்டாரிஸ்ட் ரோஜர் வாட்டர்ஸும் ஒரே மேடையில் நின்று இருபத்துநான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. கடைசியில் வாட்டர்ஸ் கையை நீட்டி அழைக்கிறார். கில்மர் கிட்டாரை இறக்கிவைத்துவிட்டுத் தயங்கித் தயங்கி வருகிறார். நால்வரும் தோளில் கைபோட்டு நிற்கிறார்கள். அந்தத் தயக்கத்தை மறைக்க அவர் முயலவில்லை. நண்பர்களாகிவிட்டோம் என்று நடிக்காமலே சேர்ந்து வாசிக்க முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி அந்தப் பத்து வினாடிகள். மூன்று ஆண்டுகளில் கீபோர்ட் வாசித்த ரிச்சர்ட் ரைட் இறந்துவிட்டார்.

இனி பிளாக் சபாத். பர்மிங்ஹாமின் ஆஸ்டன் பகுதியில் 1968இல் தொடங்கிய நால்வர். கிட்டாரிஸ்ட் டோனி ஐயோமி பதினேழு வயதில் தகரத் தொழிற்சாலை எந்திரத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். தொப்பி போன்ற உறைகளை விரலில் மாட்டிக்கொண்டு, தந்திகளைத் தளர்த்திச் சுருதி இறக்கி வாசித்தார். ஹெவி மெட்டல் என்ற ராக் வகையின் கனத்த ஒலிக்கு அதுவும் ஒரு காரணம். இவர்கள் சொந்த ஊரில் இரண்டு முறை விடைபெற்றார்கள். முதல் விடை 2017 பிப்ரவரியில், 81 கச்சேரிகள் கொண்ட உலகப் பயணத்தின் முடிவில். எல்லாம் ஒழுங்காக நடந்தது. டிரம்மர் பில் வார்டு மட்டும் இல்லை. கையெழுத்திடத்தக்க ஒப்பந்தம் தரப்படவில்லை என்று 2012இலேயே அவர் விலகிக்கொண்டார்.

இரண்டாவது விடை 2025 ஜூலை 5, தாங்கள் வளர்ந்த தெருக்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் வில்லா பார்க் மைதானத்தில். வார்டு வந்தார். பார்கின்சன் நோயால் நிற்க முடியாத பாடகர் ஓசி ஆஸ்போர்ன், வௌவால் பொம்மை உட்கார்ந்த கறுப்பு அரியணையில் அமர்ந்தபடியே பாடினார். எழுந்துவிட முயல்வதும் முடியாமல் கைப்பிடியைப் பற்றுவதும் தெரிந்தன. வார்டின் அடி முன்போல விரைவாக இல்லை. குரல் சில இடங்களில் சுருதியை விட்டு விலகியது. நால்வரும் சேர்ந்து வாசித்தது நான்கு பாடல்கள். வருமானம் பார்கின்சன் ஆராய்ச்சிக்கும் பர்மிங்ஹாம் குழந்தைகள் மருத்துவமனைக்கும் குழந்தைகளுக்கான ஒரு பராமரிப்பு இல்லத்துக்கும். பதினேழு நாட்களில் ஓசி இறந்துபோனார்.

2017இன் 81 இரவுகளையும் ஒரு தட்டில் வைத்து இந்த நான்கு பாடல்களை மறுதட்டில் வைத்தால் எனக்கு இரண்டாவது தட்டுதான் தாழ்கிறது. வாசிப்பின் தரத்தால் அல்ல. அதில் 2017 மேல். வரவேண்டியவர் வந்திருந்தார் என்பதால்.

இந்த வழிக்கும் மறைமுகச் செலவு உண்டு. ஒரே மாலை என்றால் ஒரே நகரம். சென்னையில், கொழும்பில், கோலாலம்பூரில் இருக்கும் ரசிகருக்கு அது திரையில் மட்டும்தான். ஒரு மாலை சொதப்பினால் சரிசெய்ய மறுநாள் இல்லை, லைவ் எய்ட் போல என்றைக்கும் நிற்கும்.

எப்போது இது சரி: சண்டை முழுதாகத் தீராதபோது, உடம்பு நீண்ட பயணத்தைத் தாங்காதபோது, சேர்வதற்குப் பணத்தைத் தாண்டி ஒரு காரணம் இருக்கும்போது. ஒத்திகை மட்டும் கட்டாயம்.

## வழி 3: புதிய பாடல்களோடு திரும்புவது

கேட்க உயர்வாக இருக்கும்; நடப்பில் கடினம். அமெரிக்கக் குழுவான பிக்சீஸ் 2004இல் சேர்ந்து பழைய பாடல்களோடு சுற்றினார்கள், முன்பு இருந்ததைவிடப் பெரிய கூட்டம் வந்தது. புதிய ஆல்பம் வர 2014 ஆயிற்று, அதற்குள் பாஸ் கிட்டார் வாசித்த கிம் டீல் விலகிவிட்டார். ரசிகர்கள் பக்கமும் தவறு இருக்கிறது. புதிய பாட்டு தொடங்கியதும் எழுந்து தேநீர் வாங்கப் போகிறவர்கள், இவர்கள் பழையதையே அரைக்கிறார்கள் என்று குறைசொல்லக் கூடாது.

ஓராண்டைத் தாண்டி மேடையில் இருக்கப்போகிற எந்தக் குழுவுக்கும் இந்த வழிதான் பொருந்தும் என்பது என் கட்சி. ஓராண்டுக்குள் முடிப்பதானால் புதிய பாட்டு தேவையில்லை.

## வழி 4: திரும்பாமலே இருப்பது

ஆர்.இ.எம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் ஊரில் 1980இல் தொடங்கி 2011இல் சண்டையின்றிக் கலைந்தது. அவர்கள் பாடல் உரிமையை யார் எழுதினார் என்று பாராமல் நால்வர் பெயரிலும் சமமாக வைத்துக்கொண்டவர்கள். சேரவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு ஏற்படாததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தீர்க்கப்படாத கணக்கு எதுவும் இல்லை. 2024 ஜூனில் நியூயார்க்கில் பாடலாசிரியர்களுக்கான கௌரவ விழாவில், 1997இலேயே விலகிய டிரம்மர் பில் பெரி உட்பட நால்வரும் ஒரே ஒரு பாட்டை வாசித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

இதன் செலவு வெளியே தெரியாது. கேட்காமலே போகும் ரசிகர்கள். குழுவில் பாட்டு எழுதாதவர்களுக்கு வருமானம் நின்றுபோவது. பாடல் எழுதியவருக்கு வீட்டில் இருந்தாலும் ராயல்டி வரும். டிரம்ஸ் வாசித்தவருக்கு மேடைதான் சோறு. நாங்கள் திரும்ப மாட்டோம் என்று பாடலாசிரியர் பெருமையோடு சொல்லும்போது அந்த இன்னொருவரையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

## வழி 5: இல்லாதவர் இடத்தில் வேறொருவர், அல்லது வேறொன்று

பிரிட்டனின் குயின் குழுப் பாடகர் ஃப்ரெடி மெர்குரி 1991இல் இறந்த பிறகு, அவரோடு இருந்த பிரையன் மேயும் ராஜர் டெய்லரும் குயின் பெயரில் மட்டும் வராமல், பாடுபவரின் பெயரையும் சேர்த்தே வருகிறார்கள். அந்தப் பெயர்ப்பலகையில் நேர்மை இருக்கிறது. ராக் குழு அல்லாத, ஸ்வீடனின் பாப் குழுவான ஆப்பா 2022 மே முதல் லண்டனில் தங்கள் இளமை உருவத்தின் டிஜிட்டல் வடிவங்களை மேடையேற்றுகிறது. கூடவே வாத்தியக்காரர்கள் நேரில் வாசிக்கிறார்கள். நடன இசைக்கு அது பொருந்துகிறது. ராக் இசைக்குப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை. விரல் தவறக்கூடியவர் தவறாமல் வாசிப்பதைப் பார்க்கத்தானே நாம் போகிறோம்.

## டிக்கெட் வாங்கலாமா என்று கேட்பவருக்கு

டிரம்ஸில் யார் என்று பாருங்கள். பயணத்தின் முதல் வாரத்தைத் தவிருங்கள். குழு சேர்ந்து மூச்சுவிட ஐந்தாறு கச்சேரிகளாவது ஆகும். பாடகரின் சமீபத்திய பதிவு ஒன்றைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். விலை திரையில் ஏறிக்கொண்டே போனால் கணினியை மூடிவிடுங்கள், அந்தக் குழு உங்களுக்கு எவ்வளவு உயிராக இருந்தாலும்.

இப்போது என் முன்னால் இருக்கும் கேள்வி, கனடாவின் மூவர் குழுவான ரஷ். டிரம்மர் நீல் பியர்ட் 2020 ஜனவரியில் இறந்தபோது, அந்தக் குழு முடிந்தது என்றே நானும் எண்ணினேன். 2025 அக்டோபரில் பாடகர் கெடி லீயும் கிட்டாரிஸ்ட் அலெக்ஸ் லைஃப்சனும் மீண்டும் வருவதாக அறிவித்தார்கள். டிரம்ஸில் ஜெர்மனியின் அனிகா நில்லெஸ். பியர்டின் மனைவியும் மகளும் மனமார வாழ்த்தியிருக்கிறார்கள். பியர்ட் கடைசியாக 2015 ஆகஸ்ட் 1இல் வாசித்த அதே லாஸ் ஏஞ்சலஸ் அரங்கில் 2026 ஜூனில் தொடங்குவதாக அறிவித்தார்கள். என் அளவுகோல்படி கெடி லீயின் குரல் ஐயத்துக்குரியது, டிரம்ஸ் இருக்கை அதைவிட ஐயத்துக்குரியது. ஆனால் நில்லெஸ் பியர்டின் மகள் அல்ல, மாணவியும் அல்ல. தனக்கென்று ஒரு கை உள்ளவர். அந்தப் பாடல்களில் இடம் இருக்கிறது. அந்த இடத்தில் அவர் என்ன வாசிக்கப்போகிறார் என்று எனக்குக் கேட்க வேண்டும். பணம் எடுத்து வைத்திருக்கிறேன்.